மெயின் போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஆர்.சி.சி.பி.

சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. மின்கார் நம் மாவட்டத்திலேயே தயாராகும் காலத்தில், திருச்செந்தூர் விடுதிக்காரர்களுக்கும் சார்ஜர் வேண்டும் என்கிற எண்ணம் வருவது இயல்பு. சஷ்டிக்கும் விசாகத்துக்கும் காரில் வருபவர், ராத்திரி தங்கும் இடத்திலேயே சார்ஜ் ஏறிவிட வேண்டும் என்றுதான் நினைப்பார். 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர், ஒற்றை ஃபேஸ், 32 ஆம்பியர். அதற்கு ஒரு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், இரண்டு போல் ஆர்.சி.சி.பி. கொட்டேஷனில் இந்த வரி பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. எந்த டைப் என்ற சொல் அதில் இல்லை.

விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளின்படி, வாகன சார்ஜிங் இணைப்புக்கான ஆர்.சி.டி. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததாகவும், நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாகவும், குறைந்தது டைப் ஏ திறன் உள்ளதாகவும் இருக்க வேண்டும். டைப் ஏ என்பது இங்கே கீழ்வரம்புதான். சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364-7-722 ஒரு படி மேலே போகிறது: டைப் பி வையுங்கள், அல்லது 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் அமைப்போடு டைப் ஏ வையுங்கள் என்கிறது.

இந்த 6 எங்கிருந்து வந்தது? காருக்குள் இருக்கும் சார்ஜர் ஏ.சி.யை டி.சி.யாக்குகிறது. அந்தப் பக்கத்தில் இன்சுலேஷன் கெட்டால், ஏற்ற இறக்கமில்லாத டி.சி. கசிவு எர்த் வழியாக ஓடும். ஆர்.சி.சி.பி.க்குள் உள்ள வளையக் கோர், மாறும் காந்தப் புலத்தை மட்டுமே உணரும். நிலையான டி.சி. அதை ஒரு பக்கமாகக் காந்தமேற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டால், பிறகு வரும் ஏ.சி. கசிவையும் அது சரியாக உணராது. ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும். டைப் ஏ 6 மில்லி ஆம்பியர் வரை இதைத் தாங்கும் என்று சோதிக்கப்படுகிறது. டைப் ஏ.சி.க்கு அப்படி ஒரு சோதனையே கிடையாது.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதற்கும் மேலே இருக்கிறது. சார்ஜருக்கு நல்ல சாதனத்தையே வாங்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த சர்க்யூட் விடுதியின் பழைய மெயின் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே தொங்கும். அதன் முகப்பைப் பாருங்கள்: சின்னக் கட்டத்துக்குள் ஒரே ஒரு அலைக்கோடு இருந்தால் அது டைப் ஏ.சி. அலைக்குக் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் டைப் ஏ. அவற்றோடு நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுப் போட்ட கோடும் சேர்ந்திருந்தால் டைப் பி. காரின் டி.சி. கசிவு கீழே உள்ள சாதனத்தை மட்டும் கடந்து போவதில்லை, மேலே உள்ளதையும் கடக்கிறது. டைப் ஏ.சி. அங்கே மந்தமானால், மாடி அறையில் வாட்டர் ஹீட்டர் ஷாக் அடிக்கும்போதும் அது ட்ரிப் ஆகாமல் போகலாம். காரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பக்தர் குளித்துக்கொண்டிருப்பார்.

மேலே டைப் ஏ இருந்தாலும் நிம்மதியில்லை. இரண்டு சார்ஜர்கள் தலா 6-ஐ எட்டாத கசிவை விட்டாலே கூட்டுத்தொகை 12-ஐ நெருங்கும். ஆகவே ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி சர்க்யூட், தனி ஆர்.சி.டி. அந்த சர்க்யூட்டை மெயின் ஆர்.சி.சி.பி.க்கு முன்பிருந்தே பிரித்து எடுக்க வேண்டும். மேலே ஒன்று இருந்தே தீர வேண்டுமானால் அது டைப் பி ஆகவும், நேரத் தாமதம் உள்ளதாகவும் இருக்கட்டும். செலவு கூடும்தான். அதை உரிமையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

சார்ஜருக்குள்ளேயே டி.சி. பாதுகாப்பு இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். டேட்டா ஷீட்டில் ஐ.இ.சி. 62955 என்று இருக்கிறதா, அது கண்காணிக்க மட்டும் செய்யும் வகையா, தானே துண்டிக்கும் வகையா என்று பாருங்கள். கண்காணிக்கும் வகைக்கு வெளியே டைப் ஏ கட்டாயம் வேண்டும். டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர் வேறு கணக்கு. அதன் வெளியீடு மெயின் சப்ளையிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டு, இன்சுலேஷன் கண்காணிப்பில் இயங்குகிறது.

இனி உப்பு. ஆறுமுகநேரி உப்பளக் காற்றில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐசொலேட்டர் பெட்டிக்குள் படியும் உப்புப் படலம் விடியற்கால ஈரத்தில் கசிவுப் பாதையாகிவிடும். சார்ஜரின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் சில மில்லி ஆம்பியரை எப்போதும் எர்த்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் சாதனம் 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ட்ரிப் ஆகலாம் என்பதை மறக்கக் கூடாது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று உரிமையாளர் போன் செய்ததும் 100 மில்லி ஆம்பியரை மாட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆளைக் காக்கும் சாதனத்தை எடுத்துவிட்டு, தீவிபத்தைத் தடுப்பதற்கானதை வைத்துவிட்டு வருகிறார்கள். அதற்குப் பதில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் பிடியுங்கள். கசிவு எவ்வளவு, சார்ஜரைக் கழற்றினால் எவ்வளவு குறைகிறது என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதனாலேயே ஆர்.சி.டி.யைக் கார் நிறுத்துமிடத்தில் வைப்பதைவிடக் கட்டடத்துக்குள் மெயின் போர்டில் வைக்கச் சொல்கிறேன். உப்புக்காற்றிலிருந்து தப்பும், வெளியே போகும் கேபிளும் அதன் பாதுகாப்புக்குள் வந்துவிடும். எர்த் பிட்டைத் தோண்டிப் பார்ப்பதும் அவசியம். இந்த மண்ணில் ஜி.ஐ. பைப் சீக்கிரம் அரித்துப்போகும். 50 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,667 ஓம் வருகிறது, அதனால் மோசமான எர்த்திலும் ஆர்.சி.டி. வேலை செய்யும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அறுந்துபோன எர்த்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லி மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. எனவே டேப்பைப் பிடிக்கும் முன், அந்த வெள்ளம் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டு உயரத்தைக் குறியுங்கள்.

ஒப்படைக்கும் அன்று டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது. அந்தப் பட்டன் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஏ.சி.யைத்தான் விட்டுப் பார்க்கிறது, டி.சி. பற்றி அது எதுவும் சொல்லாது. டி.சி. சோதனை வசதியுள்ள ஆர்.சி.டி. டெஸ்டர் ஒன்றை நம் சங்கங்கள் பொதுவில் வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடலாம். கிடைத்த அளவையும் தேதியையும், எந்த சார்ஜருக்கான சாதனம் என்பதையும் போர்டின் கதவுக்கு உள்பக்கம் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்.