கணக்குக் கொடாத ஆட்சி

கடலிலும் வானிலும் நிலத்திலும் வாழும் உயிர்களை ஆளும் பொறுப்பு மனிதனுக்கு அளிக்கப்பட்டதாகத் தொடக்கநூலின் முதல் அதிகாரம் கூறுகிறது. அந்த இறைவாக்கை 1999-இல் கலைக்கூடத்திற்குள் கொண்டுவந்தார் பிரேசிலில் பிறந்த கலைஞர் எட்வர்டோ காக். அதன் ஆங்கில வாசகத்தைத் தந்திக் குறிகளாக்கி, அக்குறிகளை மரபணு எழுத்துகளாக மாற்றி, அவ்வாறு செயற்கையாய் உருவான மரபணுவை நுண்ணுயிர்களுக்குள் செலுத்தினார். படைப்பிற்கும் தொடக்கநூலின் பெயரையே சூட்டினார். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வைக்கப்பட்ட அதனை அப்போது இணையத்தின் வழியே எங்கிருந்தும் காண முடிந்தது. கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தியபோது புறஊதா ஒளி பாய்ந்தது, மரபணு திரிந்தது. காட்சி முடிந்தபின் அம்மரபணுவை மீண்டும் வாசகமாக்கியபோது, இறைவாக்கின் சில எழுத்துகள் மாறியிருந்தன.

இதை இறைநிந்தனை என்று கொதிப்போர் உண்டு. துணிவுமிக்க கலை என்று கைதட்டுவோரும் உண்டு. இருசாராரோடும் நமக்கு உடன்பாடில்லை.

கொதிப்போரை முதலில் கேட்போம். 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து மாண்டவை அவை என்று கருதப்பட்டது. ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற நம் மண்ணில், மறைமலைநகரைச் சூழ்ந்த பகுதிகளிலும், நீர்வழிகள் பல மனைப்பிரிவுகளாயின. 'ஆளுதல்' என்ற சொல் 'அழித்தல்' என்று திரிய இங்கே எந்தப் புறஊதா ஒளியும் தேவைப்படவில்லை. நுண்ணுயிரில் எழுத்து மாறியதற்குப் பதறும் நெஞ்சம், ஊரில் பொருளே மாறியதற்குப் பதறாதது ஏன்?

கைதட்டுவோருக்கும் ஒன்று சொல்வோம். காக் ஒரு வசனத்தைத் தனியே பிரித்தெடுத்தார். தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதன் வைக்கப்பட்டதாக அடுத்த அதிகாரமே கூறுகிறது. இரண்டையும் இணைத்தே வாசிக்க வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தியவர் வந்தார். ஓர் உயிரின் மரபணுவை மாற்றினார். எவருக்கும் பதில் சொல்லாமல் போனார். மரபணுத் தொழில்நுட்பத்தைப் பற்றி எளிய மக்கள் அஞ்சுவதும் இதற்காகவே: மாற்றுபவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர். மரபணு மாற்றக் கத்தரிக்காய்க்கு எதிராக எழுந்த குரல்களும் இக்கணக்கையே கேட்டன. பொதுமக்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு, 2010-இல் நடுவணரசு அதனை நிறுத்திவைத்தது. அந்த அச்சத்தைக் காக்கின் படைப்பு எழுப்புகிறது, பொறுப்பை எழுப்பவில்லை.

பொறுப்பு எதுவென அறிய லின்ஸ் வரை செல்ல வேண்டுவதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பேசுகிறது. குடவோலையால் தேர்வு, ஓராண்டே பதவி, கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை. லூக்கா நற்செய்தியின் உவமையில் தலைவர் தம் வீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்பதும் கணக்கையே.

ஆளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்போர், கணக்கேட்டை முதலில் திறக்கட்டும்.