தெரியாது என்றால் போதுமா?

சைக்கிளுக்கும் நடைக்கும் லைசென்ஸ் கிடையாது, எல்.எல்.ஆர். தேர்வும் இல்லை, அதனால் விதி தெரியாதவரைக் குறைசொல்லக் கூடாது என்கிறார்கள். சட்டம் இதை ஏற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவு, நடப்பைத் தவறாக எண்ணியவருக்கே விலக்கு தருகிறது. சட்டத்தைத் தவறாக எண்ணியவருக்குத் தருவதில்லை. காரணமும் உண்டு. இரவில் விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வரும் சைக்கிளை லாரிக்காரர் எதிர்பார்ப்பதில்லை. வந்தவர் விதி அறியாதவர் என்பதற்காக பிரேக் சீக்கிரம் பிடித்துவிடாது.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். செத்தவர்கள் மேலேயே பழியா என்று கேட்கலாம். நடைபாதையைக் கடைகளுக்கும் பைக்குகளுக்கும் விட்டுவிட்டு, சாலையில் இறங்கி நடப்பவரைத் திட்டுவது அபத்தம்தான். ஆனால் அங்கே குறை வழியில்லாதது; விதி தெரியாதது வேறு விஷயம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. இதை எத்தனை பள்ளிகள் சொல்லித்தருகின்றன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், பாதசாரிகளுக்கும் சைக்கிள்களுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. அந்த விதிகளைப் பள்ளிப் பாடத்திலும் சேர்க்கட்டும். முதல்முறை பிடிபடுபவருக்கு அபராதத்துக்குப் பதில் ஒரு மணிநேர வகுப்பு எடுக்கட்டும்.