முதுகுக் கோட்டை நம்பலாமா?

தென்னையின் குருத்து வாடிச் சாய்ந்த பிறகுதான் பலர் கூன்வண்டைத் தேடுகின்றனர். அதற்குள் தண்டின் உட்பகுதி பெரும்பாலும் கூழாகியிருக்கும்.

மலேசியாவில் இருவகைக் கூன்வண்டுகள் உள்ளன. கறுத்த முதுகில் செங்கோடு ஓடும் வண்டு இம்மண்ணுக்குப் பழையது. செம்மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட சிவப்புக் கூன்வண்டு 2007ஆம் ஆண்டு திரங்கானுவில் கண்டறியப்பட்டது. கோடு இருந்தால் ஒன்று, புள்ளி இருந்தால் மற்றொன்று எனப் பிரிப்பது எளிதுதான். ஆனால், புள்ளிகளின் எண்ணிக்கையும் வடிவமும் வண்டுக்கு வண்டு மாறுகின்றன. ஆய்வாளர்களே இதில் தடுமாறியுள்ளனர். இரண்டும் ஒரே இனம் என்று 2004இல் ஓர் ஆய்வு கூறியது; அவை வேறு வேறு இனங்களே என்று 2013இல் மரபணு ஆய்வு காட்டியது. கலிபோர்னியாவில் 2010இல் பிடிபட்ட வண்டு முதலில் சிவப்புக் கூன்வண்டு என்றே கருதப்பட்டது. அது செங்கோட்டு வண்டு என்பது பின்னரே தெரிந்தது. ஆகவே, "இது பழைய வண்டுதானே" என்று நிறத்தைப் பார்த்து அலட்சியமாக இருப்பது தவறு.

ஆண், பெண் வேறுபாடோ தெளிவானது. ஆணின் வளைந்த மூக்கின்மேல் மயிர்க்கற்றை இருக்கும். பெண்ணின் மூக்கு நீண்டு மெலிந்து வழவழப்பாக இருக்கும். அம்மூக்கால் துளையிட்டுத்தான் அது முட்டையிடுகிறது. காண்டாமிருக வண்டு குடைந்த காயமோ மட்டை வெட்டிய புண்ணோ இருந்தால் அதன் வேலை இன்னும் சுலபம். ஒரு பெண் வண்டு 200க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். சில நாள்களில் பொரிக்கும் புழுக்கள் தண்டைத் தின்று வளர்ந்து, நாரினால் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரே மரத்திற்குள் அடுத்தடுத்த தலைமுறைகளும் பெருகலாம்.

ஆண் வண்டின் மணத்தை ஒத்த பொருளை வைத்த பொறிகள் இருபால் வண்டுகளையும் ஈர்க்கின்றன. அவை பயனுள்ளவையே, எனினும், தண்டுக்குள் இருக்கும் புழுவை அவை எட்டுவதில்லை. தாக்கப்பட்ட மரத்தை வெட்டித் துண்டாக்கி அழித்தே ஆகவேண்டும். இதற்குச் செலவாகும், சிறுதோட்டக்காரரால் தனியே தாங்க இயலாது. ஒருவர் விட்டுவைக்கும் மரம் அண்டைத் தோட்டங்களையும் அழிப்பதால், அரசு அச்செலவில் பங்கேற்பது நியாயமே.

அழகுக்காக நடப்படும் பனைவகைக் கன்றுகளையும் கவனிக்க வேண்டும். மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு இவ்வண்டு பரவியதற்கு, மனிதர் ஏற்றிச் சென்ற மரங்களே முக்கியக் காரணம். ஏற்றுமிடத்தில் வண்டு ஏதும் கண்ணில் படவில்லை என்பதற்காகக் கன்றுகளை அனுப்பிவிடக் கூடாது. தண்டையும் மட்டையின் அடியையும் சோதித்த பின்னரே அனுமதிக்க வேண்டும்.