ஒரு கொலை, நாலு சந்தேகம், ஒரு கைவிலங்கு

“ஒரு கொலை, அதைச் சுத்தி நாலு பேர் மேல சந்தேகம், கடைசிப் பக்கத்துல ஒரு கைவிலங்கு. இவ்வளவுதானே சார் உங்க தொழில்?” கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். பாயசம் வருகிற நேரம் என்பதால் நான் வாதாடவில்லை. அந்த பாக்கியை இங்கே தீர்க்கிறேன்.

துப்பறியும் கதையோ பேய்க்கதையோ குடும்ப நாவலோ, மாத நாவல் எழுதுகிறவனின் மேஜை இழுப்பறையில் ஒரு சூத்திரம் இருக்கிறது, மாவை ஊற்றினால் இட்லி வருவதுபோல மாதம் ஒன்று வந்து விழும் என்று படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். (அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று தெரிந்த எல்லார் வீட்டிலும் இட்லி மெத்தென்றா வருகிறது?) இதை நம்பாத ஒரே கூட்டம், அந்தக் கதைகளை விடாமல் வாசிக்கிறவர்கள்.

சூத்திரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அது என்னிடம் மட்டும் இருந்தால் பிழைப்பு சுலபம். வாசகரிடமும் இருப்பதுதான் சிக்கல். பஸ் ஸ்டாண்ட் கடையில் இருபது வருஷம் வாங்கிப் படித்தவருக்கு, முதல் அத்தியாயத்தில் தேவைக்கு மேல் நல்லவராக ஒரு டாக்டர் வந்தாலே மூக்கு வியர்க்கிறது. கவிதை புரியாவிட்டால் வாசகர் தன்னைச் சந்தேகப்படுவார். என் கதை புரியாவிட்டால் என்னைத்தான் சந்தேகப்படுவார்.

விதிகளை வெளிப்படையாக எழுதியே வைத்த வகை இது. ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். துப்பறிகிறவனே குற்றவாளியாக இருக்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது. அவன் கண்ணில் பட்ட தடயம் வாசகர் கண்ணிலும் அப்போதே பட வேண்டும். இத்தனைக்கும் மூன்று வருஷம் முன்பே, 1926-இல், அகதா கிறிஸ்டி ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ எழுதிவிட்டார். தடயம் எல்லாம் பக்கத்திலேயே கிடக்கும். அப்படியும் ஏமாந்த வாசகர்கள் கோபப்பட்டார்கள். ஏன் என்று சொல்ல மாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள். சூத்திரம் தெரிந்த கூட்டத்தின் நடுவே, சூத்திரத்துக்குள்ளேயே நின்று கண்ணில் மண் தூவுவது. வேலை அதுதான்.

என் மாதம் எப்படிப் போகிறது என்று பேராசிரியருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கதையை வாலிலிருந்து பிடிப்பேன். கொன்றவன் யார், அவன் மறந்துவிட்டுப் போனது என்ன என்பது முதலில். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணிக்கணக்கு: எட்டரைக்கு யார் எங்கே, ஒன்பதேகாலுக்கு யார் எங்கே. இதற்குள் தலைப்பு போன மாத இதழிலேயே ‘அடுத்த வெளியீடு’ என்று அச்சாகியிருக்கும். அட்டைப்படமும் தயார். அதில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் கத்தியோடு நிற்கிறாள். என் கதையில் கத்தியே கிடையாது. இனிமேல் இருந்தாக வேண்டும்.

புத்தகம் 96 பக்கம். பதினாறு பக்க ஃபாரம் ஆறு. ஏழாவது ஃபாரத்துக்குக் காகிதம் தர மாட்டார்கள். ஒன்றரைப் பக்கம் கூடிப்போனால் எதையாவது வெட்ட வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குடையை வெட்டினால் பதினோராம் அத்தியாயத்தில் அதன் கைப்பிடி மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

படிப்பு வேறு இருக்கிறது. பிணம் எத்தனை மணிக்கு விறைக்கும் என்று குளிர் தேசத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சென்னை மே மாதத்தில் மாட்டிக்கொள்வேன். வெயிலில் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். உடம்புச் சூட்டை வைத்து நேரம் கணிக்கலாம் என்றாலோ, உயிரோடு இருக்கும்போது உடம்பு 37 டிகிரி. பூட்டிய அறை 38 டிகிரியில் கொதித்தால் பிணம் எங்கே குளிரும்? சயனைடில் வாதுமை வாசனை வரும் என்று ஆளாளுக்கு எழுதுகிறோம். அந்த வாசனை மூக்கில் ஏறாதவர்கள் பிறவியிலேயே உண்டு என்று தெரிந்த அன்று எனக்கு ஒரு முழுக் கதை கிடைத்தது.

சட்டமும் கைவிட்டது. தமிழில் குற்றக்கதை எழுதிய எல்லாருக்கும் 302 என்றால் கொலை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இப்போது 103. புதிய சட்டத்தில் 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு. “உன்னை 302-ல உள்ளே தள்ளுறேன்” என்று என் இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில் உறுமினால், கொலைகாரன் யாரையோ மனம் நோகப் பேசியவன் ஆகிவிடுவான். செல்போனும் சிசிடிவியும் தின்று தீர்த்த பழைய திருப்பங்களைக் கணக்கெடுக்கவே ஒரு கட்டுரை வேண்டும்.

‘மாதம் ஒன்று என்றால் தரம் எப்படி இருக்கும்?’ என்பது அடுத்த கேள்வி. தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் ‘சூதாடி’யை 26 நாளில் சொல்லச்சொல்ல எழுத வைத்து முடித்தார். கடன், கெடு தவறினால் பதிப்பாளரிடம் தன் எழுத்துகளின் உரிமையையே இழந்திருப்பார். அவரை யாரும் இட்லிக்கடைக்காரர் என்று சொல்வதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரலோப் தபால் இலாகா அதிகாரி. விடியற்காலையில் எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். அதை அவரே சுயசரிதையில் சொல்ல, அவர் இறந்தபின் 1883-இல் புத்தகம் வந்தது. விமர்சகர்களிடம் அவர் மதிப்பு சரிந்தது. அவருடைய நாவல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கடிகாரம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

இங்கேயும் இதே கதைதான். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் மாத நாவல் உலகத்துக் கதைகளைத் தொகுத்து, ப்ரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. சாணித்தாளில் தமிழில் இருந்தபோது கையால் தொடாதவர்கள் சிலர், நல்ல தாளில் ஆங்கிலத்தில் வந்ததும் என்னிடமே அதைச் சிபாரிசு செய்தார்கள்.

மட்டமான மாத நாவல்கள் ஏராளம். நான் எழுதியதில் நாலைந்தை என் பெயரில்லாமல் போட்டிருக்கலாம். ஆனால் அவை சூத்திரம் இருந்ததால் கெட்டவை அல்ல. சூத்திரத்தை நம்பி நான் தூங்கிப்போனதால் கெட்டவை.

போன வாரம் விருதுநகரிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. “பக்கம் 41-ல் அவன் கத்தியை இடது கையில் பிடிக்கிறான். 78-ல் வலது கை. இடக்கைக்காரன் என்று முடிவுகட்டி ஏமாந்தேன். இது தடயமா, உங்கள் தவறா?” தவறுதான். அட்டைப்படத்துக் கத்தியைக் கதைக்குள் நுழைத்த அவசரத்தில் வந்தது. ஒப்புக்கொண்டு பதில் எழுதிவிட்டேன்.