நாசிக் ஒயின் டூர்: ஹோட்டல் புக் பண்ணும் முன் ரேட்டிங்கை விட்டுட்டு மேப்பைப் பாருங்க!

ஷீரடி போயிட்டு, அப்படியே த்ரயம்பகேஸ்வரரையும் பார்த்துட்டு வரும் ஊர். தமிழ்நாட்டில் பலருக்கு நாசிக் இப்படித்தான் அறிமுகம். இப்போது அதே ஊருக்கு வேறொரு கூட்டமும் கிளம்புகிறது. திராட்சைத் தோட்டம், ஒயின் டேஸ்டிங், ஏரியைப் பார்த்த அறை, ரெண்டு நாள் ரெஸ்ட். மும்பை, புனேயில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்களின் வீக்எண்ட் பிளானில் நாசிக் கண்டிப்பாக இருக்கும்.

பிளான் எல்லாம் சரிதான். சிக்கல் ஹோட்டல் தேடும்போது ஆரம்பிக்கிறது. புக்கிங் ஆப்பில் 'நாசிக்' என்று அடித்து, '4 ஸ்டாருக்கு மேல்' என்று ஃபில்டர் போட்டு, நல்ல நீச்சல் குளம் இருக்கும் படத்தைப் பார்த்து பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒயின் டூருக்கு ஹோட்டல் எடுப்பதும், கோயில் டூருக்கு ஹோட்டல் எடுப்பதும் ஒன்றல்ல. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசி கிளாஸைக் குடித்து முடித்த பிறகு அறைக்கு எப்படித் திரும்பப் போகிறீர்கள்?

'நாசிக்' என்பது ஓர் ஊர் இல்லை

ஆப்பில் வரும் 'நாசிக்' உண்மையில் ஒரு மாவட்டம். ஒயின் ஆலைகள் அதில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. நாசிக் நகரத்துக்கு மேற்கே, கோதாவரியின் குறுக்கே கட்டிய கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க், சோமா ஆகியவை இருக்கின்றன. வடக்கே திண்டோரி பக்கம் ஷாண்டோன். தெற்கே, மும்பை போகும் திசையில் இகத்புரி வட்டாரத்தில் வலோனே, க்ரோவர் ஸாம்பா. இகத்புரியில் இருந்து நாசிக் நகரமே சுமார் 45 கி.மீ. அதாவது இகத்புரியில் ரூம் போட்டுவிட்டு மாலை சூலாவில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று நினைத்தால், இருட்டில் நெடுஞ்சாலைப் பயணம் நிச்சயம்.

ரயிலில் வருபவர்களுக்கு இன்னொரு குழப்பம். நாசிக் ரோடு ஸ்டேஷன் நகரத்தின் கிழக்குப் பக்கம். ஒயின் ஆலைகள் அதிகம் இருக்கும் கங்காபூர் பக்கமோ மேற்கு. 'ஸ்டேஷன் பக்கத்துல ரூம் போட்டா ஈஸி' என்ற நம்மூர் கணக்கு இங்கே உதவாது. ஊரைக் குறுக்கே தாண்டித்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

ரிவியூக்களில் 'லொகேஷன் சூப்பர்' என்று யாராவது எழுதியிருந்தால் உடனே நம்ப வேண்டாம். அவர் பஞ்சவடிக்கும் த்ரயம்பகேஸ்வரருக்கும் போனவராக இருக்கலாம். அவருக்குச் சூப்பரான லொகேஷன், ஒயின் டூர் போகிறவருக்கு 20 கி.மீ. தள்ளி இருக்கும்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

'டேஸ்டிங்தானே, சும்மா ஒரு சிப்பு' என்று சொல்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டேஸ்டிங்கில் 6 வகை, ஒவ்வொன்றும் 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 180 மி.லி. அது ஒரு முழு கிளாஸுக்கும் மேல். ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் இருக்கும். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது 80 மி.கி. கலிஃபோர்னியா நாபா பள்ளத்தாக்கு போய்வந்த நண்பர் 'அங்கே எல்லாரும் டேஸ்ட் பண்ணிட்டு ஓட்டுவாங்க' என்று சொன்னால், அந்தக் கதை நாசிக்குக்குப் பொருந்தாது (நாபாவிலும் அது புத்திசாலித்தனம் இல்லை என்பது வேறு விஷயம்). 70 கிலோ எடையுள்ள ஒருவர்கூட அந்த 180 மி.லி.யிலேயே நம் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். எடை குறைவானவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூட விடுங்கள். தோட்டங்களைச் சுற்றி இருப்பவை கிராமத்துச் சாலைகள். இருட்டில் நடந்து போகிறவர்களும் டிராக்டரும் மாடும் ஒரே சாலையில் வரும் இடங்கள். டூர் வந்தவரின் 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்ற நம்பிக்கைக்கு விலை கொடுக்கப் போவது அந்த ஊர்க்காரர்.

நகரத்தில் கிடைப்பது மாதிரி ராத்திரி 10 மணிக்கு ஆப் டாக்ஸி வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. அதனால் ஹோட்டலின் முதல் தகுதி நட்சத்திரம் இல்லை, நடை தூரம். தோட்டத்துக்குள்ளேயே அறை, அல்லது ஹோட்டலே வண்டி விட்டுக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. இந்த இரண்டில் ஒன்று இல்லாத இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பட்டியலில் கீழே போக வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் ஹோட்டல் என்பதால் பக்கத்தில் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சூலாவின் தங்குமிடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தி சோர்ஸ்' ஒயின் ஆலை வளாகத்தில் இருக்கிறது. 'பியாண்ட்' சில கிலோமீட்டர் தள்ளி, ஏரிப் பக்கம். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒன்றில் நடந்தே அறைக்குப் போகலாம், இன்னொன்றில் வண்டி வேண்டும். பெயரை மட்டும் பார்த்து புக் செய்பவர் இந்த வித்தியாசத்தைச் செக்-இன் செய்யும்போதுதான் தெரிந்துகொள்வார்.

வளாகத்துக்குள் இருக்கும் அறைகள் விலை கூடுதல் என்பது நியாயமான புகார். நகரத்தில் பாதி விலைக்கு அறை கிடைக்கும். ஆனால் அந்த மிச்சத்தில் இரண்டு நாள் டாக்ஸி செலவைக் கழித்துப் பாருங்கள், பல நேரம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ரெண்டு இரவு நகரத்தில் தங்குவதற்குப் பதில், ஓர் இரவு மட்டும் தோட்டத்துக்குள் தங்குவது பல நேரங்களில் நல்ல டீல்.

படத்தில் இருக்கும் திராட்சை எப்போது இருக்கும்?

'வைன்யார்ட் வியூ' அறைக்குக் கூடுதல் பணம் கட்டும் முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை. ஏப்ரலில் கொடிகளைக் கவாத்து செய்துவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. ஏப்ரல் கடைசியில் லீவு விட்டாச்சு என்று குழந்தைகளோடு போனால், ஜன்னலுக்கு வெளியே தெரிவது குச்சிகளும் கம்பியும் வெயிலும்தான். மழைக்காலத்தில் கொத்து இருக்காது, ஆனால் மலையும் ஏரியும் பச்சையாக இருக்கும், வாடகையும் குறையும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அது மோசமான தேர்வு இல்லை.

அறுவடைக் காலத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஜனவரி 26 லாங் வீக்எண்ட் வருகிறதே என்று முந்தி அடித்து புக் செய்வார்கள். குடியரசு தினம் மகாராஷ்டிராவில் 'டிரை டே'. ஒயின் ஊருக்குப் போய் அந்த ஒரு நாள் மோர் குடிக்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ம் அப்படித்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் விற்பனை கிடையாது. கேன்சல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்காத அறையைப் பிடிக்கும் முன், போகும் மாதத்தின் டிரை டே பட்டியலைத் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கல்யாண சீசனும்கூட. பெரிய புல்வெளி இருக்கும் ரிசார்ட் என்றால் அங்கே கல்யாணம் நடக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. அதற்கு முன்பு வரை டிஜே அடிப்பதை யாரும் தடுக்க முடியாது. 'அந்தத் தேதியில ஃபங்ஷன் ஏதாவது இருக்கா?' என்று போனில் கேட்டுவிட்டால் போதும்.

7,500 ரூபாய் கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். வாடகையில் 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய் வித்தியாசம்! இப்படி விலை உயர்ந்த ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கும் பொதுவாக 18 சதவீத வரிதான் போடுவார்கள், வெளியே உணவகத்தில் அது 5. ஒயின் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது, அதற்கு மாநில வரி தனி.

வெள்ளி, சனி இரவுகளில் மும்பைக் கூட்டம் வந்துவிடும். 2025 ஜூனில் சம்ருத்தி விரைவுச்சாலையின் கடைசிப் பகுதி திறந்த பிறகு அவர்களுக்கு இகத்புரி இன்னும் பக்கம். 2027ல் நாசிக், த்ரயம்பகேஸ்வரில் கும்பமேளா வேறு. அந்த ஆண்டு போகிறவர்கள் புனித நீராடல் தேதிகளைத் தவிர்த்துவிட்டே அறை தேடுவது நல்லது. லீவு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன். அதே அறை, அதே ஏரி, பில் மட்டும் வேறு.

டிரைவர் எங்கே தூங்குவார்?

'டிரைவரோட கார் எடுத்துட்டா எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சுதே' என்று இந்நேரம் பலர் நினைத்திருப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டும் பிரச்சினை முடிந்தது, உண்மைதான். அடுத்த பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஹோட்டல் ஒப்பிடும்போது நீச்சல் குளம், காலை உணவு, வைஃபை எல்லாம் பார்க்கிறோம். டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆப்பில் ஃபில்டரே கிடையாது.

இடம் இல்லாத ரிசார்ட்டில் அவர் சீட்டைச் சாய்த்துக் காரிலேயே தூங்குவார். நாசிக் பக்கம் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். கழிப்பறைக்குக் கேட் காவலாளியிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்கு ரிசார்ட் விலை கட்டுப்படியாகாது, பக்கத்தில் கடையும் இருக்காது. 'பேட்டா கொடுக்கிறோமே' என்பது பதில் ஆகாது. தோட்டத்து நடுவில் ராத்திரி 11 மணிக்கு அந்தப் பணத்தை வைத்து அவர் என்ன வாங்குவார்?

இதில் மனிதாபிமானம் மட்டும் இல்லை, சுயநலமும் இருக்கிறது. மறுநாள் காலை மும்பை திரும்பும் வழியில் கசாரா மலைப்பாதை. ராத்திரி முழுக்கக் குளிரில் புரண்டவர் கையில்தான் ஸ்டீயரிங். குடித்துவிட்டு ஓட்டுவதற்குப் பயந்து டிரைவர் வைத்தவர்கள், தூங்காமல் ஓட்டுபவர் பின்னால் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2023ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்கை வசதியும் கழிப்பறையும் தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே, ஹோட்டல்களும் வாடிக்கையாளர்களும் தாங்களாக அதைச் செய்யவில்லை என்பதால்தான்.

வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தால் ஹோட்டல்கள் தானாகவே தங்கள் வசதிப் பட்டியலில் இதைச் சேர்த்துவிடும். 'பெட் அலவ்டு' அப்படித்தான் வந்தது. நாய்க்கு மெத்தை உண்டா என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்பதும் கஷ்டம் இல்லை. அட்வான்ஸ் கட்டும் முன் போன் செய்து, 'டிரைவருக்கு ரூம் இருக்கா? கட்டில், போர்வை, பாத்ரூம், சாப்பாடு எல்லாம் இருக்கா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'இருக்கு சார், மேனேஜ் பண்ணிக்கலாம்' என்று பதில் வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் வேறு ரிசார்ட் பாருங்கள். அதே இடம்தான் வேண்டும் என்றால் நகரத்தில் அவருக்கு ஒரு லாட்ஜ் அறை போட்டுவிட்டு, மாலையிலேயே அனுப்பிவிடுங்கள். தோட்டத்துக்குள் அறை எடுத்தவர்களுக்குக் காலை வரை வண்டியே தேவைப்படாது.