பச்சை இலையும் இலாபக் கணக்கும்

இன்று கைத்தொலைபேசிப் பெட்டியின் மேல் பச்சை இலை ஒன்று அச்சிட்டிருக்கக் காண்கிறோம். ‘இயற்கையைக் காப்போம்’ என்று பக்கத்திலே எழுதியும் இருக்கிறது. மின்னணுச் சாதனங்களைச் செய்யும் கம்பெனிகள் மண்ணையும் நீரையும் மனத்திற்கொண்டுதான் அவற்றை அமைக்கின்றனவா? தோழர்களே, விளம்பரத்தில் இதற்கு விடை தேடிப் பயனில்லை. நடந்ததைப் பார்ப்போம்.

வானொலியிலும் கணினியிலும் உள்ளிருக்கும் சிறு உறுப்புகளை நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தது வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று. 183 பாகைச் சூட்டில் உருகும், விலையும் மலிவு. ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. இது தெரிந்தும் கம்பெனிகள் அதை விடவில்லை. ஜப்பானில் சிலர் முன்னதாகவே மாற்றத் தொடங்கினர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் உலகம் மாறியது எப்போது? ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவை அளவுக்கு மிஞ்சிய சாதனங்களை 2006 ஜூலை 1 முதல் விற்கக்கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்த பிறகுதான்! ஈயமில்லாப் பற்றுக்குச் சுமார் 217 பாகைச் சூடு வேண்டும். அதற்கேற்ப உலைகளையும் உறுப்புகளையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள்.

சோனி கம்பெனியின் கதையும் இதுவே. 2001-இல் அதன் 13 லட்சம் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகளை ஹாலந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். கம்பிகளில் காட்மியம் மிஞ்சியிருந்தது. அதன் பின்னரே தனக்கு உறுப்புகள் விற்போர் யாவரையும் கடுமையாகச் சோதிக்கும் முறையை அக்கம்பெனி கொண்டுவந்தது.

தாமாகவே செய்வது ஒன்றும் இல்லையா? உண்டு. 2020 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி, இயற்கையின் பெயரால், தொலைபேசிப் பெட்டியிலிருந்து சார்ஜரை நீக்கியது. பெட்டி சிறுத்தது, ஏற்றுச் செலவும் குறைந்தது. இயற்கைக்கும் நன்மை, கல்லாவுக்கும் நன்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே வகைச் சார்ஜர் என்பதை அதே கம்பெனி எதிர்த்தது. 2022-இல் ஐரோப்பா அதைச் சட்டமாக்கியது; 2023-இல் புதிய தொலைபேசியின் வாய் மாறியது. இலாபம் இருக்கும் இடத்தில் இயற்கைப் பற்று, இல்லாத இடத்தில் சட்டத்தின் பிரம்பு! இதுவே கணக்கு.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார்கள். வரைபடத்தில் நஞ்சு இருந்தால் பற்று வைக்கும் கைக்கு முதலில் வரும். கடைசியில் பழையதை உடைத்து எரிப்பவன் மூச்சுக்கு வரும். 2018-இல் சீனா அந்நியக் குப்பைக்குக் கதவடைத்த பிறகு அது மலேசியாவில் வந்து குவிந்ததை மறக்கலாமா?

பால்மரத்தை ஆழ வெட்டினால் இன்று பால் பெருகும். நாளை பட்டை செத்துப்போகும். இதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதனம் வாங்கும்போது கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா? பழுது பார்க்கப் பாகம் கிடைக்குமா? ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், பொதுவாக, வாங்கியவரே பேட்டரியை மாற்றும்படி சாதனம் இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று கேட்போம். அதுவரை பச்சை இலை வெறும் மைதான்.