அடுத்த வளவிலிருந்து வரும் வயர்



2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் ஒன்பது, பத்து வருடங்களைக் கழித்தார்கள். 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாகத் திரும்பிப் போனபோது சொந்தக் காணியிலும் முதலில் எழும்பியது கொட்டில்தான். இதே சம்பூரில் பெரிய அனல் மின் நிலையம் ஒன்று கட்டப் பல வருடம் பேசி 2016இல் கைவிட்டார்கள். பிறகு 2025 ஏப்ரலில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். நாட்டுக்கு மின்சாரம் எடுக்கத் தோதான மண் என்று பெரியவர்கள் கண்ட ஊர் அது. ஆனால் கொட்டிலில் இருக்கிறவளுக்கு, பிள்ளை படிக்க ஒரு மின்குமிழ் வேண்டுமென்றால், அடுத்த வளவுக்காரரிடம் போய்க் கேட்டு ஒரு வயர் இழுக்கிறதுதான் வழி.

இந்த மாதம் அந்த வயரைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாலையில் கடற்கரைப் பக்கம் வண்டிக்கடை போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் எடுக்கிற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். ஒரு மீற்றரிலிருந்து இன்னொரு காணிக்குக் கரண்ட் கொடுப்பதற்கு விதியில் இடமில்லை என்பது உண்மை. சொந்த மீற்றருக்கு விண்ணப்பம் போட்டு விடாமல் அலைய வேண்டும். ஆனால் அது கிடைக்கும்வரை வயர் கிடக்கத்தான் போகிறது. கிடக்கிற வயரில் யாரும் சாகக் கூடாது.

தகரத்தில் என்ன ஆபத்து என்று முதலில் பார்ப்போம். வயர் உள்ளே வருகிற இடத்தில் தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கச்சான் காற்றுக்கு வயர் ஆடும்போது விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதன் தோலை அறுக்கும். ஒருநாள் உள்ளேயிருக்கும் செம்பு தகரத்தில் முட்டும். வெளிச்சம் அணையாது, ஒரு சத்தமும் வராது, கொட்டில் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மழைக்குள் வெறுங்காலோடு கதவைத் திறக்க வருகிறவள்தான் அதைக் கண்டுபிடிப்பாள்.

“எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, அது விழும்” என்று சிலர் சொல்வார்கள். பியூஸும் சாதாரண பிரேக்கரும் வயரைக் காப்பாற்றப் போட்டவை, ஆளைக் காப்பாற்றப் போட்டவை அல்ல. 6 அம்பியர் பிரேக்கர் 6 அம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஓர் ஆளின் இதயத்தை நிற்பாட்ட அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச். போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும் அது யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் கரண்டை வெட்டும். அதன் முகத்தில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 100 என்றோ 300 என்றோ இருந்தால் ஆளுக்கு உதவாது.

ஆகவே வயர் தருகிற வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா?” என்பதுதான். கரண்ட் கடன் கேட்கப் போன இடத்தில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் காவல். சுவிட்சில் ‘T’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அமத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை அந்த வீட்டிலிருந்து வயர் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, எர்த். மலிவுக்காக இரண்டு வயர் மட்டும் இழுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மூன்றாவதான பச்சை மஞ்சள் வயர் அந்த வீட்டு எர்த் கம்பியிலிருந்து கொட்டிலின் சொக்கற் வரை அறுபடாமல் வர வேண்டும். அது இருந்தால் தகரத்தில் கரண்ட் ஏறிய உடனேயே, யாரும் தொடும் முன்னரே, ட்ரிப் சுவிட்ச் விழும்படி செய்யலாம். அதற்குக் கொட்டிலின் இரும்புச் சட்டத்தை எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அது வேலை தெரிந்த எலெக்ட்ரீசியன் செய்ய வேண்டியது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் அப்படிக் கட்டினால் ஆபத்து கூடும்.

வயரின் மொத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 அடி தூரத்துக்கு மெல்லிய இரட்டை வயரை இழுத்து அதில் 2,000 வாட் கேத்திலைப் போட்டால், 150 வாட் அளவு சூடு அந்த வயரிலேயே தங்கும். கேத்தில் மெதுவாகக் கொதிக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். வயர் உருகிக்கொண்டிருக்கும். மெல்லிய வயர் என்றால் குமிழ், போன் சார்ஜர், சின்ன மின்விசிறி, அவ்வளவுதான். ரைஸ் குக்கரும் அயன் பொக்ஸும் வேண்டுமென்றால் 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று வயர் உள்ள, வெளியில் போடக்கூடிய தடித்த தோல் கேபிள் வாங்குங்கள். விலை கூடத்தான். சீட்டுப் பிடித்து வாங்கினாலும் பரவாயில்லை. மிஞ்சிய கேபிளைச் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டாம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் எரியும்.

வெளிநாடுகளில் கரவன் என்ற படுக்கை வண்டிகளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போகிறார்கள். தங்குமிடத்தில் ஒரு கம்பத்திலிருந்து அந்த வண்டிக்குக் கரண்ட் எடுப்பார்கள். தகர உடம்பு, நிலத்தில் கிடக்கும் கேபிள், மழை என்று எல்லாம் நம் கொட்டில் கதைதான். பிரித்தானியாவில் ஒவ்வொரு வண்டிக்குமான சொக்கற்றுக்குத் தனித்தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும் என்பது விதி. அங்கே ஒரு நல்ல பழக்கமும் உண்டு. கேபிளை முதலில் வண்டியில் கொழுவிவிட்டு, கடைசியாகத்தான் கம்பத்தில் கொழுவுவார்கள். கழற்றும்போது கம்பத்தில் முதலில் கழற்றுவார்கள். அப்படிச் செய்தால் கையில் பிடித்திருக்கிற முனையில் ஒருபோதும் கரண்ட் இராது. வண்டிக்கடை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே இதைப் பழகலாம். இரண்டு பக்கமும் முள் வைத்த பிளக் செய்து தருகிற ஆக்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டால் வெட்டி எறியுங்கள்.

நமக்குத் துறைமுகக் காற்றின் உப்பு வேறு இருக்கிறது. செம்பில் பச்சை படரும், சொக்கற்றின் பித்தளை கறுக்கும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும். ஐப்பசி மாரி தொடங்குவதற்கு முன் ஒருநாள் பகலில், அடுத்த வீட்டில் பிளக்கைக் கழற்றிவிட்டு, வயரை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, எலி கடித்த இடம், டேப் சுற்றிய மூட்டு, உருகிய பிளக் ஏதும் இருந்தால் மாற்ற வேண்டும். நிலத்தில் கிடக்கிற மூட்டுக்கு டேப் மருந்தல்ல. தகரத்தில் வயர் நுழைகிற ஓட்டைக்குள் பழைய தோட்டக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதற்குள்ளால் வயரை விடுங்கள். நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்க விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிப் போகும். உடுப்புக் காயப் போடுகிற கம்பி அந்த வயருக்குக் கிட்டவும் வரக் கூடாது.

யாரையாவது கரண்ட் பிடித்தால் ஓடிப்போய்த் தொட வேண்டாம். பெற்ற தாய்க்கு இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன். முதலில் பிளக்கையோ மெயின் சுவிட்சையோ நிற்பாட்டுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் ஏறி நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அவர்கள் வந்து சேரும்வரை அழுத்துங்கள். எழும்பி இருந்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதயத்தின் துடிப்பு பிறகும் குழம்பலாம்.

மெயின் சுவிட்ச் இருப்பது அடுத்த வீட்டில். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற நாட்களில் திறப்பு யாரிடம் இருக்கும் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.